செயலிகளைத் தள்ளி மூடினால் சார்ஜ் மிச்சமாகுமா?

போனில் 'சமீபத்திய செயலிகள்' (Recent apps) திரையில் உள்ள எல்லாவற்றையும் அடிக்கடி தள்ளி மூடுகிறீர்களா? தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை இயங்காமல் நினைவகத்தில் சும்மா கிடப்பவை. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால், முதலிலிருந்து ஏற்றுவதற்குத்தான் கூடுதல் சார்ஜ் செலவாகும். தொட்டாலும் அசையாமல் சிக்கி நிற்கும் செயலியை மட்டும் மூடினால் போதும்.

உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாட்டைத் திறந்து, நீங்கள் அதிகம் தொடாமலே சார்ஜைத் தின்னும் செயலி எது என்று பாருங்கள். சில நேரம் ஷாப்பிங், விளையாட்டுச் செயலிகள் சிக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில், அந்தச் செயலியின் பேட்டரிப் பக்கத்திலேயே பின்னணி இயக்கத்தை, அதாவது நீங்கள் திறக்காதபோதும் அது இயங்குவதைக் கட்டுப்படுத்தலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ் என்று சென்று அணைக்கலாம். வாட்ஸ்அப், அலாரம் போன்றவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். அவசரச் செய்தி தாமதமாக வரக்கூடும்.