லாஸ் வேகாஸ் போகத் திட்டமிடுவது எப்படி: ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவோருக்கு

கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்துவிட்டால், ஒரு நீண்ட வாரயிறுதியில் லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன் என்று காரை எடுப்பது வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். திட்டம் போட உட்கார்ந்தபோது கிடைத்த குறிப்புகள் பெரும்பாலும் நண்பர்களோடு கும்மாளம் போடப் போகிறவர்களுக்கானவை. முழங்கால் வலியுள்ள அம்மா, காலை ஐந்து மணிக்குக் காபி கேட்கும் அப்பா, ஐந்து வயதுக் குழந்தை என்று போகும் குடும்பத்துக்கு யாரும் எழுதவில்லை. அதனால் நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். விமானச் சீட்டு எடுப்பது, கார் வாடகைக்கு எடுப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

படி 1: ஓட்டலைத் தேடும் முன் தேதியைப் பிடியுங்கள்

எல்லோரும் முதலில் ஓட்டலைத் தேடுகிறார்கள். லாஸ் வேகாஸில் விலையைத் தீர்மானிப்பது ஓட்டல் அல்ல, தேதி. ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு விலை, வெள்ளி சனிக்கு வேறு விலை. அதே அறை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவது அங்கே சாதாரணம். முடிந்தால் ஞாயிறு போய் புதன் திரும்புங்கள்.

ஆனால் வாரநாள் என்பதாலேயே மலிவு என்று நம்பிவிடக் கூடாது. அந்த ஊர் சூதாட்டத்தை மட்டும் நம்பி இல்லை, கன்வென்ஷன்களையும் நம்பியிருக்கிறது. ஜனவரித் தொடக்கத்தில் சி.இ.எஸ். மின்னணுக் கண்காட்சி நடக்கும்போது செவ்வாய்க்கிழமைகூட சனிக்கிழமையைவிட விலை ஏறி நிற்கும். லாஸ் வேகாஸ் கன்வென்ஷன் அண்ட் விசிட்டர்ஸ் அத்தாரிட்டியின் இணையதளத்தில், எந்தத் தேதியில் எந்த மாநாடு, எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு நாட்காட்டியே போட்டிருக்கிறார்கள். அதை முதலில் திறந்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை, மிச்சமாகும் பணமோ நூற்றுக்கணக்கில். கூடவே தவிர்க்க வேண்டியவை: புத்தாண்டு, சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி) வாரயிறுதி, நவம்பரில் தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய வாரம். 2023 முதல் அந்த வாரத்தில் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம், பெரிய கேசினோ ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் 'ஸ்ட்ரிப்' என்ற முக்கியச் சாலையிலேயே நடக்கிறது. விலை மட்டுமல்ல, சாலையைக் கடப்பதே பெரும்பாடு.

அப்புறம் வெயில். நம் ஊர் வெயில் பார்த்தவர்கள்தானே என்று ஜூலையில் கூட்டிப்போகாதீர்கள். அது மொஹாவி பாலைவனம். 2024 ஜூலை 7 அன்று 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 48.9 செல்சியஸ் பதிவானது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பில் நீர் வற்றுவதே பெரியவர்களுக்குத் தெரியாது. மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை, அல்லது அக்டோபர், நவம்பர் தொடக்கம். இவைதான் நல்ல மாதங்கள்.

படி 2: அறையின் உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஸ்ட்ரிப் ஓட்டல்கள் அறை வாடகையோடு 'ரிசார்ட் ஃபீ' என்று ஒன்றைத் தனியாக வாங்குகின்றன. வைஃபை, ஜிம் என்று காரணம் சொல்வார்கள். நீங்கள் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும், ஒவ்வொரு இரவுக்கும். பெரிய ஓட்டல்களில் 50 டாலர் அளவில் இருக்கும். அதன்மேல் 13.38 சதவீதம் அறை வரி, அந்த வரி ரிசார்ட் ஃபீக்கும் சேர்த்து.

ஒரு செவ்வாய்க்கிழமை அறை 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 60 உடன் 50 சேர்த்தால் 110. வரி 14.72. ஆக 124.72. அறுபது டாலர் அறை நூற்று இருபத்தைந்தாகிவிட்டது. இதோடு பல ஓட்டல்களில் கார் நிறுத்தவும் தினமும் தனிக் கட்டணம். இப்படிப் பார்த்தால், ரிசார்ட் ஃபீ இல்லாமல் 110 டாலர் கேட்கும் ஓட்டல் இதைவிட விலை கூடியதல்ல: வரியெல்லாம் சேர்த்து அதே தொகைதான், பார்க்கிங்கும் இலவசமாக இருந்தால் நிச்சயம் இலாபம்.

2025 மே மாதத்திலிருந்து அமெரிக்க மத்திய அரசின் விதி ஒன்று வந்திருக்கிறது: கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த தொகையைத்தான் ஓட்டல்கள் முதலிலேயே காட்ட வேண்டும். அதனால் இப்போது தேடும்போது தெரியும் விலையில் ரிசார்ட் ஃபீ சேர்ந்திருக்கும். ஆனால் வரி கடைசிப் பக்கத்தில்தான் வரலாம், பார்க்கிங் அதில் வராது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ரிசார்ட் ஃபீயை இரண்டு முறை கூட்டிவிடாதீர்கள்.

என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். தேடுவதற்குக் கூகுள் ஓட்டல்ஸ், பதிவு செய்ய அந்தந்த ஓட்டலின் சொந்தத் தளம். எம்.ஜி.எம்., சீசர்ஸ் குழுமங்களின் தளங்களில் மாதம் முழுக்க ஒவ்வொரு இரவின் விலையும் நாட்காட்டியாகவே தெரியும். இலவசமாக ரத்து செய்ய முடிகிற அறையை எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை அதே தேதியைப் பாருங்கள். விலை இறங்கியிருந்தால் புதிதாக எடுத்துப் பழையதை ரத்து செய்யுங்கள். பணம் திரும்பத் தராத மலிவு அறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. பெரியவர்களோடு பயணம் என்றால் தேதி எப்போது வேண்டுமானாலும் மாறும்.

அறைக்குப் போகும்போது முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்திவைப்பார்கள், பெரும்பாலும் ஒவ்வொரு இரவுக்கும் கணக்கு. இதற்குக் கிரெடிட் கார்டையே கொடுங்கள். அப்பா கொண்டுவந்த ஃபாரெக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ கொடுத்தால், கையிலிருக்கும் உண்மையான பணம் பல நாள் முடங்கிவிடும்.

படி 3: எந்த ஓட்டல்

நெவாடாவில் கேசினோ தளத்துக்குள் புகைபிடிக்கலாம். பெரும்பாலான ஓட்டல்களில் வரவேற்பறையிலிருந்து லிஃப்டுக்குப் போக அந்தத் தளத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. ஸ்ட்ரிப்பில் புகையில்லாத கேசினோ ஓட்டல் என்றால் அது பார்க் எம்.ஜி.எம்.தான். கேசினோவே வேண்டாம் என்றால் வடாரா, சிக்னேச்சர் இரண்டும் நல்லவை. இரண்டிலும் சின்ன சமையல் மேடையும் குளிர்பெட்டியும் உள்ள அறைகள் உண்டு.

இந்தச் சமையல் மேடைதான் எங்களுக்கு ஓட்டலையே முடிவுசெய்து கொடுத்தது. ஸ்ட்ரிப் ஓட்டல் அறைகள் பலவற்றில் காபி போடும் சாதனம்கூடக் கிடையாது. காலையில் ஒரு காபிக்குக் கீழே போய் வரிசையில் நிற்க வேண்டும். சாதாரண அறையில் இருக்கும் குளிர்பெட்டியையும் நம்பாதீர்கள். அது மினிபார். உள்ளே அடுக்கியிருக்கும் பாட்டில்களுக்கு அடியில் சென்சார் இருக்கும், தயிர் டப்பா வைக்க இடம் பண்ணலாம் என்று ஒரு பாட்டிலை எடுத்து நகர்த்தினாலே பில்லில் ஏறிவிடும். அப்பாவுக்கு இன்சுலின் வைக்க வேண்டும் என்றால் வரவேற்பில் கேளுங்கள், மருந்துக்கென்று தனிக் குளிர்பெட்டி அனுப்பிவைப்பார்கள்.

படி 4: நடையைக் குறையுங்கள்

ஸ்ட்ரிப் ஏறக்குறைய 6.8 கிலோமீட்டர் நீளம். கட்டடங்கள் பிரம்மாண்டமாக இருப்பதால் அடுத்த ஓட்டல் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். முக்கியச் சந்திப்புகளில் சாலையைக் கடக்க நடைமேம்பாலங்கள்தான். அந்தப் பாலங்களில் நிற்பதற்கு 2024 முதல் தடை இருக்கிறது, நடந்துகொண்டே இருங்கள்.

மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்காலிபர் மூன்று ஓட்டல்களையும் இணைக்கும் ட்ராம் இலவசம். பார்க் எம்.ஜி.எம்., ஆரியா, பெல்லாஜியோ வழியில் இன்னொன்று, அதுவும் இலவசம். கட்டணம் வாங்கும் மோனோரயில் எம்.ஜி.எம். கிராண்டிலிருந்து சஹாரா வரை ஓட்டல்களின் பின்பக்கமாகப் போகிறது, விமான நிலையத்துக்குப் போகாது. பெரியவர்களோடு போனால் எனக்கு டியூஸ் என்ற இரண்டடுக்குப் பேருந்துதான் பிடித்தது. 24 மணி நேரமும் ஓடுகிறது, மாடியில் உட்கார்ந்தால் ஸ்ட்ரிப் முழுவதையும் பார்த்துக்கொண்டே பழைய நகர்ப்பகுதியில் உள்ள ஃப்ரீமான்ட் தெருவரை போகலாம். நடக்கவே முடியாதவர்களுக்கு ஓட்டல்களிலேயே சக்கர நாற்காலியும் மின்ஸ்கூட்டரும் வாடகைக்குக் கிடைக்கும்.

படி 5: இரவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு இரவு முழுக்கக் காசு செலவில்லாமல் கழிக்கலாம். பெல்லாஜியோ நீரூற்று இரவில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். எதிரே கூட்டத்தில் நிற்பதைவிட, ஏரியின் ஓரமாக நடந்து ஓட்டல் வாசல் பக்கம் போனால் நெரிசல் குறைவு. உள்ளே பருவத்துக்குப் பருவம் மாற்றி அலங்கரிக்கும் பூங்கூடம் இருக்கிறது, அம்மாக்கள் அங்கிருந்து நகர மாட்டார்கள். 2023இல் திறந்த ஸ்ஃபியர் என்ற பிரம்மாண்டக் கோள வடிவ அரங்கை வெளியே இருந்து பார்ப்பதே கண்ணுக்கு விருந்து. இன்னொரு இரவுக்குப் பெல்லாஜியோவில் தண்ணீரில் நடக்கும் சர்க் டு சோலே குழுவின் சர்க்கஸ் நிகழ்ச்சி. மொழி தேவையே இல்லை, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதைவிட நல்ல செலவு அங்கே கிடையாது என்பது என் கருத்து.

இளையவர்கள் இரவு விடுதிக்குப் போக விரும்பினால், 21 வயது ஆகியிருக்க வேண்டும், அசல் அடையாள அட்டை வேண்டும். இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட்தான் பாதுகாப்பான சான்று. விடுதியின் தளத்தில் விருந்தினர் பட்டியலில் முன்பே பெயர் கொடுத்தால் நுழைவுக் கட்டணம் குறையும், சில நாள் இலவசம். தெருவில் நின்று இலவச டிக்கெட் தருகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் டைம்ஷேர் (விடுமுறை வீட்டில் வருடத்துக்குச் சில நாள் பங்கு) விற்பவர்கள், அவர்கள் பேச்சைக் கேட்டே அரை நாள் போய்விடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நெவாடாவில் 2017 முதல் கஞ்சா விற்பனை சட்டபூர்வம், கடைகள் பளிச்சென்று இருக்கும். மத்தியச் சட்டத்தில் அது இன்னும் குற்றம்தான். எச்1பி, எஃப்1, சுற்றுலா விசா, கிரீன் கார்டு எதில் இருந்தாலும் குடிவரவில் சிக்கல் வரும். கிட்டேயே போகாதீர்கள்.

படி 6: ஆட்டத்துக்கு உட்காரும் முன்

அப்பாவுக்கு ஒரு கை பார்க்க ஆசை இருக்கும், தப்பில்லை. போனால் போகட்டும் என்று முடிவு செய்த தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு அட்டையை அறையில் வைத்துவிடுங்கள். ரூலட் என்றால் சக்கரத்தில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணுங்கள். ஒரு பூஜ்யத்தில், கட்டும் பணத்தில் சராசரியாகக் கேசினோவின் பங்கு 2.7 சதவீதம், இரண்டில் 5.26, மூன்று பூஜ்யச் சக்கரங்களும் வந்துவிட்டன, அதில் 7.69. பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் மேசைத் துணியில் '3 to 2', அதாவது கட்டிய 2க்கு 3, என்று அச்சடித்திருந்தால் உட்காருங்கள். '6 to 5', அதாவது 5க்கு 6, என்றிருந்தால் எழுந்துவிடுங்கள். 10 டாலர் கட்டி பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) வந்தால் முதல் மேசையில் 15 கிடைக்கும், இரண்டாவதில் 12தான்.

*பின்சேர்க்கை:* குழந்தையோடு கேசினோவுக்குள் போகலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நடைபாதை வழியாகக் கடந்து போகலாம். நிற்கக் கூடாது. தாத்தா ஆடுவதைப் பேரன் பக்கத்தில் நின்று பார்த்தால் காவலர் வந்து நகரச் சொல்வார். இன்னொன்று, ஸ்லாட் இயந்திரத்தில் பெரிய தொகை விழுந்தால், சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

படி 7: எந்தக் கேன்யன்?

பேருந்துச் சுற்றுலா விற்பவர்கள் 'கிராண்ட் கேன்யன்' என்று மொட்டையாகப் போடுவார்கள். லாஸ் வேகாஸிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போகிறது என்றால் அது வெஸ்ட் ரிம் (மேற்கு விளிம்பு). ஹுவாலப்பாய் பழங்குடியினரின் நிலம், கண்ணாடித் தரையுள்ள ஸ்கைவாக் இருப்பது அங்கேதான். தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. படங்களில் நாம் பார்த்து வளர்ந்த அந்த அகன்ற காட்சி சவுத் ரிம் (தெற்கு விளிம்பு), 450 கிலோமீட்டர், ஒரு வழிக்கே நாலரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பெரியவர்கள் ஓய்ந்துபோவார்கள். சவுத் ரிம்தான் பார்க்கத் தகுந்தது என்பேன், ஆனால் வழியிலுள்ள வில்லியம்ஸ் என்ற ஊரில் ஓர் இரவு தங்குங்கள். வாரநாட்களைப் பிடித்ததால் மிச்சமான பணம் இதற்குச் சரியாக இருக்கும். சவுத் ரிம்மின் உயரம் 2,100 மீட்டர், ஏப்ரலிலும் குளிரும், கம்பளி வேண்டும்.

நேரம் இல்லையென்றால் கேன்யனை விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய வேலி ஆஃப் ஃபயருக்குப் போங்கள். செம்பாறைகளுக்கு நடுவே காரிலிருந்தே பாதியைப் பார்த்துவிடலாம். இன்னும் பக்கத்தில் ரெட் ராக் கேன்யன், ஆனால் அக்டோபர் முதல் மே வரை பகலில் காரோடு நுழைய நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும்.

கிராண்ட் கேன்யன் போகும் வழியில், நெவாடா அரிசோனா எல்லையில் இருக்கும் ஹூவர் அணையைப் பாருங்கள். ஏரிப் பக்கம் நிற்கும் கோபுரங்களில் இரண்டு கடிகாரங்கள், ஒன்று நெவாடா நேரம், மற்றது அரிசோனா நேரம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரண்டும் ஒரே நேரம். குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால். அரிசோனாவில் இருக்கும் ஸ்கைவாக்குக்கோ ஆன்டலோப் கேன்யனுக்கோ நேரம் குறித்து டிக்கெட் எடுத்திருந்தால் இதைக் கவனியுங்கள்.

*பின்சேர்க்கை (2026):* தேசியப் பூங்காக் கட்டணம் மாறிவிட்டது. அமெரிக்காவில் குடியிருக்காத, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் கிராண்ட் கேன்யன், ஸையான் உட்பட 11 பூங்காக்களில் கூடுதலாக 100 டாலர். அவர்களுக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். அப்பா அம்மா இருவரும் வந்து, கிராண்ட் கேன்யனோடு ஸையானும் போவதாக இருந்தால் பாஸ் எடுப்பதுதான் இலாபம்.

படி 8: திரும்பும் வழி

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் காரில் திரும்புகிறவர்கள் ஞாயிறு மதியம் ஐ-15 சாலையில் இறங்காதீர்கள். மாநில எல்லையில் பிரிம் தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும், நாலரை மணி நேரப் பயணம் எட்டு மணி நேரம்கூட ஆகும். காலை எட்டு மணிக்கு முன் கிளம்புங்கள், அல்லது திங்கட்கிழமை. பெட்ரோலை லாஸ் வேகாஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், எல்லை தாண்டினால் விலை கூடிவிடும். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் காரில் இருக்கட்டும்.