குருவிக்கு ஒரு துண்டு நிலம்: சரிவுக் காணிக்கு என்ன சாமான் வாங்கலாம்?

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற காணியில் குருவியும் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வந்து சாப்பிடுகிற மாதிரி ஏதாவது போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, என்ன மெஷின் எடுக்கலாம் என்பதைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். டவுனில் மண் கிளறுகிற ஒரு மெஷினை, மினி டில்லர் என்பார்கள், ஒருநாள் வாடகைக்கு எடுத்து, இரண்டு பேர் மூச்சுவாங்கப் படியேற்றி, அரை நாளில் முழுத் துண்டையும் குரக்கன் மாவு மாதிரிக் கிளறிப் போட்டாயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மழை கொட்டியது, விடிந்ததும் கீழ் வீட்டு அக்கா வந்து நின்றார். "தம்பி, ஒங்க காணி எங்க குசினி வாசல்ல கெடக்கு, வந்து அள்ளிக்கிட்டுப் போங்க."

ஆறு உரப்பை அள்ளினேன். மேல் மண் அவ்வளவும் அதில்தான் இருந்தது.

அதனால் கடைக்குப் போகும் முன் காணியைப் பாருங்கள். நம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பக்கம் பலருக்கும் பழக்கமான அளவு 7 பேர்ச், அதாவது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். அதில் வீடு போக மிஞ்சுவது இரண்டு மூன்று பேர்ச், அதுவும் சரிவு, உள்ளே கல், பழைய தேயிலைக் கட்டை. இதற்கு டில்லர் வேண்டாம். தட்டையான இடம், கல் இல்லை, கால் ஏக்கருக்கு மேல், வாகனம் பக்கத்தில் வந்து நிற்கும் என்றால் மட்டும் வாடகைக்கு எடுங்கள், அப்போதும் சரிவுக்குக் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும், மேலிருந்து கீழாக ஒருபோதும் வேண்டாம்.

காசு போடுவதென்றால் முதல் காசை முள்ளுக்கு, அதாவது மண்ணில் குத்துகிற நாலு பல் இரும்புச் சாமானுக்குப் போடுங்கள். தேயிலை மலையில் முள்ளுக் குத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், முள்ளை நேராக இறக்கி, பிடியைப் பின்னுக்குச் சாய்த்து மண்ணை ஒரு முறை அசைத்துவிட்டு அப்படியே உருவி எடுப்பார்கள், புரட்ட மாட்டார்கள். மண் இளகிவிடும், ஆனால் மேல் மண் மேலேயே இருக்கும், பழைய வேரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியதும் இதுதான். வாங்கும்போது நாலு பல்லும் பிடி மாட்டும் குழாயும் சேருகிற இடத்தைப் பாருங்கள், அங்கே வெல்டிங் பொட்டுப் பொட்டாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், முதல் கல்லிலேயே பல் வளைந்துவிடும். ஒரு பல்லைக் கல்லில் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், தகரம் மாதிரிச் சத்தம் வந்தால் அது தகரம்தான்.

அடுத்தது மம்பட்டி. மண்ணைப் புரட்டுவதற்கு அல்ல, கான் (சின்ன வாய்க்கால்) வெட்டவும் குழி எடுக்கவும். பெரிய இலை, அதாவது அகலமான இரும்புத் தகடு, வேண்டாம், சரிவில் நின்று கனமான மம்பட்டியை ஓங்கினால் அரை மணியில் இடுப்பு சொல்லிவிடும். இரும்பை மட்டும் கடையில் வாங்கிப் பிடியை நீங்களே போடுவது நல்லது, காய்ந்த கொய்யாக் கட்டை கிடைத்தால் அதைவிட வேறு எதுவும் தேவையில்லை. கட்டைக்கும் கல்லுக்கும் ஒரு அலவாங்கு (கடப்பாரை), அதைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினால் போதும், வருஷத்தில் இரண்டு நாள் தேவைப்படுகிற சாமான். வீட்டில் தேயிலைக் கொப்பு வெட்டுகிற பழைய கவ்வாத்துக் கத்தி இருந்தால் புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள், பட்டறையில் கொடுத்துத் தீட்டி, ஓர் அரம் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புல்வெட்டும் மெஷின் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மானாப் புல் ஆள் உயரம் நின்றால் அது உதவும்தான், ஆனால் ஒரு நாள் வேலைக்கு வாடகை போதும். கல் உள்ள இடத்தில் இரும்பு பிளேட் போட்டால் கல்லில் பட்டு மெஷின் எதிர்ப்பக்கம் எகிறும், அதனால் பிளேட்டை முதல் வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நிலம் தெரிய ஆரம்பித்ததும் நைலோன் நூலுக்கு மாறுங்கள். பெற்றோலில் எவ்வளவு ஒயில் கலப்பது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், கொடுக்கிறவரிடம் கேட்காமல் கலக்க வேண்டாம். கண்ணாடி, கம்பூட்ஸ் இல்லாமல் தொடவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து குளவிக் கூடு இருக்கிறதா என்று மரக்கொப்பு, புதர், மண் மேடு எல்லாம் பாருங்கள். கொழுந்து எடுக்கப் போய்க் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நமக்குத் தெரியும், இந்த மெஷின் சத்தமும் அதிர்வும் கூட்டைக் கிளப்பிவிட்டால் மெஷினைப் போட்டுவிட்டு ஓடவும் நேரம் இருக்காது.

இப்போது காசே செலவில்லாத ஒரு சாமான், ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது: சரிவில் மட்டம் பார்க்கிற 'ஏ' சட்டம். ஆறடிக் கம்பு இரண்டை மேலே சேர்த்துக் கட்டுங்கள், நடுவில் மூன்றடிக் கம்பைக் குறுக்காகக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள், நூல் குறுக்குக் கம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். இரண்டு காலையும் நிலத்தில் வைத்து, நூல் குறுக்குக் கம்பில் படுகிற இடத்தில் கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி அதே இரண்டு புள்ளியில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி மற்றக் காலை நகர்த்தி, நூல் அந்த நடுக்கோட்டில் நிற்கும் இடத்தில் ஒரு முளை அடித்துக்கொண்டே போனால் சரிவைச் சுற்றி மட்டமான கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் சின்னக் கான் வெட்டுங்கள், வெட்டிய மண்ணைக் கானுக்குக் கீழ்ப்பக்கம் வரம்பாகப் போடுங்கள், பொறுக்கிய கல்லையும் அதிலேயே அடுக்கலாம். கானுக்கு மேலே இரண்டடி அகலப் பட்டையில் மட்டும் முள்ளுக் குத்துங்கள், இடையில் உள்ள புல்லை வேரோடு எடுக்காமல் வெட்டி, அதையே மூடாக்காகப் பரப்புங்கள்.

மருந்து டாங்கி வேண்டாம். களைக்கொல்லி அடித்த பழைய டாங்கியில் தண்ணீர் ஊற்றித் தெளிக்கவும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மிச்சம் இருக்கும், ஒரு பூவாளி போதும். சின்ன விதையை ஆற்று மணலோடு கலந்து கையால் வீசி, இலையோடு ஒரு கொய்யாக் கொப்பை மேலே இழுத்துவிட்டால் மூடிவிடும், அதற்குத் தனிச் சாமான் தேடாதீர்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் என்றால் மார்ச்சில் கான் வெட்டி ஏப்ரல் மழைக்கு விதையுங்கள், மே மாதக் கடைசிவாக்கில் தொடங்குகிற தென்மேல் பருவ மழைக்குள் நிலம் பச்சையாகிவிட வேண்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் செப்டெம்பரில் வேலையை முடித்து ஒக்டோபர் மழைக்கு விதைக்கலாம்.

என்ன போடுவது? தண்டுக்கீரையைப் பிடுங்காமல் விதைக்க விட்டால் தினைக்குருவி கூட்டமாக வரும். தேன்சிட்டுக்குச் செவ்வரத்தை, கொப்பு வெட்டாமல் விட்ட முள்முருங்கை. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்தால் இலையில் புழு வரும், மருந்து தேடி ஓடாதீர்கள், அதுதான் நாளைய வண்ணத்துப்பூச்சி. நாயுண்ணிச் செடியில் பூச்சி நிறைய வரும்தான், ஆனால் காடு முழுக்கப் பரவிவிடும், வைக்க வேண்டாம்.

சோளம், வத்தாளை (சர்க்கரைவள்ளி), மரவள்ளி மூன்றையும் இந்தத் துண்டில் போடாதீர்கள். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வரும், அப்புறம் பக்கத்துக் காணிக்காரர் தன் மரக்கறியைக் காப்பாற்றக் கம்பிச் சுருக்கு வைப்பார். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு சுருக்கில் மாட்டித்தான் ஒரு கருஞ்சிறுத்தை செத்தது.

நான் இப்போது வைத்திருப்பது ஒரு முள்ளு, ஒரு மம்பட்டி, தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி, ஓர் அரம். 'ஏ' சட்டம் கூரைக்கடியில் கிடந்தது. போன மாதம் கீழ் வீட்டு அக்கா அதை வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.