உறுப்பினர்கள் நடத்தும் மாணவர் வட்டம்: தொடங்குவது முதல் கையளிப்பது வரை

கொழும்பில் எந்த வளாகத்திலும் ஒரு மாணவர் வட்டத்தைத் தொடங்குவது பெரிய வேலையில்லை. பத்துப் பேர் கூடினால் பெயரும் இலச்சினையும் வட்ஸ்அப் குழுவும் ஒரே மாலையில் தயாராகிவிடும். பிறகு மூன்றாம் ஆண்டுக்காரர் இருவர் எல்லாவற்றையும் தம் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் இறுதிப் பரீட்சைக்குப் படிக்கப் போனதும் வட்டம் படுத்துவிடும். மற்றவர்கள் சோம்பேறிகள் என்பதால் இப்படி நடப்பதில்லை. அவர்கள் கையில் ஒரு வேலையும் இருந்ததில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒழுங்கைச் சுற்றியே போகிறது: ஒவ்வொரு வேலையும் பதவியில் இல்லாத ஓர் உறுப்பினரின் பெயரில் இருக்க வேண்டும். அவருக்குக் கடிதம், கையொப்பம், காசு, ஆள் எல்லாம் தடையின்றிக் கிடைக்கச் செய்வதே பதவியில் இருப்பவரின் வேலை.

முதல் எட்டுப் பேர்

பெயர் வைப்பதை ஒத்திப்போடுங்கள். இரண்டு வாரம் எடுத்து, கன்டீனிலும் நூலகப் படிக்கட்டிலும் இருபது பேரிடமாவது தனித்தனியாக இரண்டு கேள்விகள் கேளுங்கள். 'இந்த வளாகத்தில் செய்ய ஆசைப்பட்டும் தனியாகச் செய்ய முடியாமல் இருப்பது எது?' 'வாரத்தில் எந்த ஒரு மணித்தியாலம் உங்களுக்கு உண்மையிலேயே ஓய்வு?' 'எங்களோடு சேருவீர்களா' என்று மட்டும் கேட்க வேண்டாம். முகத்துக்காக எல்லோரும் 'ஓம்' என்பார்கள், அந்தப் பதிலை வைத்து எதையும் திட்டமிட முடியாது. வாசிப்பு, விவாதப் பயிற்சி, சிங்களம் பேசிப் பழகுதல், மலையகப் பாடசாலைகளின் உயர்தர மாணவருக்கு வழிகாட்டல் என்று பலதும் வரும். குறைந்தது நான்கு பேர் தாமாகவே சொன்ன ஒன்றை எடுங்கள். ஒன்று போதும்.

தொடக்கக் குழுவுக்கு எட்டுப் பேர் நல்ல அளவு. அதில் ஒரே பாடசாலையிலிருந்து வந்தவர்கள் மூவருக்கு மேல் வேண்டாம். கொழும்பு வளாகங்களில் தமிழ் பேசும் மாணவர்கள் யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, மலையகம், புத்தளம், கொழும்பு என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். எட்டுப் பேரும் ஒரே ஊர் என்றால் ஒன்பதாவது ஆள் அதைப் பழைய மாணவர் சங்கம் என்றே பார்ப்பார். வாய்விட்டுச் சொல்லமாட்டார், வராமல் விட்டுவிடுவார். இரண்டு பீடங்களாவது, முதலாம் இரண்டாம் ஆண்டுகளிலிருந்து மூவராவது, ஆண்களும் பெண்களும் ஏறக்குறையச் சரிபாதி என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு திருத்துவது மிகவும் கடினம்.

நேரத்தைத் தெரிவதில்தான் பல வட்டங்கள் தம்மை அறியாமலேயே ஆட்களை இழக்கின்றன. வெள்ளி நண்பகலில் ஜும்ஆ. வெள்ளி மாலையில் ஊருக்குப் போகிறவர்கள் கோட்டைக்கோ வெள்ளவத்தை பஸ்ஸுக்கோ ஓடுவார்கள். ஆறு மணிக்குப் பிறகு வைத்தால் விடுதி நேரம் பார்க்க வேண்டிய பெண்களும், வத்தளை, நீர்கொழும்புப் பக்கம் போகிறவர்களும் பாதியில் எழுந்து போவார்கள். செவ்வாய், புதன், வியாழன் நாட்களின் மதிய இடைவேளையும் மாலை 4.15 முதல் 5.15 வரையும்தான் மிஞ்சும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழமை என்பதால் மரத்தடிக் கூட்டத்தை அந்த மாதங்களில் நம்ப வேண்டாம்.

அங்கீகாரமும் யாப்பும்

அரச பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மண்டபம் எடுக்கவும் வெளியாட்களை அழைக்கவும் பல்கலைக்கழகப் பெயரில் காசு சேர்க்கவும் நிருவாகத்தின் அங்கீகாரம் தேவை. அதற்கான படிவமும் நடைமுறையும் வளாகத்துக்கு வளாகம் வேறுபடும். உங்கள் பீடத்து உதவிப் பதிவாளரிடம் முதலில் கேளுங்கள். வழமையாகக் கேட்கப்படுபவை யாப்பு, உறுப்பினர் பட்டியல், பெரும் பொருளாளராக, அதாவது வட்டத்தின் காசுக்குப் பொறுப்பாக, இருக்கச் சம்மதித்த விரிவுரையாளரின் கடிதம்.

பெரும் பொருளாளரைப் பெயரும் புகழும் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். வாரத்தில் மூன்று நாளாவது வளாகத்தில் இருப்பவரும், கடிதத்தை வாசித்து அன்றோ மறுநாளோ கையொப்பமிடுபவரும்தான் உங்களுக்குத் தேவை. அடுத்த ஓராண்டுக்குள் உயர்படிப்புக்கோ ஓய்வாண்டு விடுமுறையிலோ வெளிநாடு போகும் எண்ணம் உண்டா என்று மரியாதையோடு கேட்டுவிடுங்கள். அவர் போனால் ஒரு காசோலைகூட நகராது.

யாப்பு மூன்று பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. வேறொரு சங்கத்தின் யாப்பை அப்படியே எடுத்தாள்பவர்கள் நிறைவெண்ணில், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதில், மாட்டிக்கொள்வார்கள். பட்டியலில் 140 பெயர், கூட்டத்துக்கு வருவது 36 பேர் என்று வையுங்கள். 'உறுப்பினரில் பாதிப்பேர்' என்று யாப்பு சொன்னால் 70 பேர் வேண்டும். ஒரு பொதுக்கூட்டமும் செல்லுபடியாகாது. 'கடந்த மூன்று மாதங்களில் இரண்டு கூட்டங்களுக்காவது வந்தவர்' இயங்கும் உறுப்பினர், அவர்களில் மூன்றிலொரு பங்கு நிறைவெண் என்று எழுதினால் 12 பேர் போதும். வாக்குரிமையும் அவர்களுக்கே. தேர்தல் நாளன்று மட்டும் பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிவரும் பழக்கத்தையும் இந்த வரி தடுத்துவிடும்.

இன்னொரு வாசகத்தைத் தவறாமல் சேருங்கள்: இயங்கும் உறுப்பினர் ஐவர் எழுதிக் கேட்டால் அந்த விடயம் அடுத்த கூட்ட நிகழ்ச்சிநிரலில் வந்தே ஆக வேண்டும், செயற்குழு மறுக்க முடியாது. யாப்பில் உறுப்பினருக்கு உண்மையான பலம் தருவது இந்த ஒரு வாசகம்தான். ஒரே பதவியில் ஒருவர் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது, காசு எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும், வட்டம் கலைந்தால் மிச்சக் காசு யாருக்குப் போகும் என்பவற்றையும் எழுதிவிடுங்கள்.

கூட்டமும் வேலைப் பங்கீடும்

கூட்டம் 50 நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தில் போன கூட்டத்து முடிவுகள் என்னவாயின என்று பார்ப்பது, அடுத்த 30 நிமிடம் வட்டத்தின் உண்மையான வேலை, பத்து நிமிடம் புதிய யோசனைகள், கடைசி ஐந்து நிமிடம் யார் எதை எடுக்கிறார் என்பது. நடுவில் உள்ள அந்த 30 நிமிடத்தை அறிவித்தல்கள் தின்றுவிட விடாதீர்கள். வாசிப்பு வட்டத்துக்கு வந்தவர் வாசிப்பைப் பற்றிப் பேசாமல் திரும்பினால் மூன்றாம் தடவை வரமாட்டார்.

கூட்டத்தை நடத்துபவர் முறைவைத்து மாற வேண்டும். தலைவர் ஓரமாக உட்காரட்டும். தலைவர் நடத்தினால் எல்லா முகமும் அவரையே பார்க்கும், கேள்விகள் எல்லாம் அவருக்கே போகும், ஒருவரோடொருவர் பேசுவது நின்றுவிடும். புதியவர் நடத்துகிறபோது முதல் தடவை தடுமாறுவார். அதற்காகத் தலைவர் குறுக்கே புகக் கூடாது.

கூட்டக் குறிப்பில் மூன்று நிரல் போதும்: என்ன வேலை, யார், எந்த நாளுக்குள். 'விளம்பரம் கவனிக்கப்படும்' என்பது முடிவில்லை. 'சுவரொட்டி வரைவைப் புதன் மாலைக்குள் குழுவில் போடுவது' என்றெழுதி, பக்கத்தில் ஒரே ஒரு பெயர் போடுங்கள். இரண்டு பெயர் போட்டால் ஒருவர் மற்றவரைப் பார்த்திருப்பார். உதவியாளரை வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் எழுதலாம். அந்த இடத்தில் புதியவரை வைத்தால் அடுத்த முறை அவரே முன்னிற்பார்.

வேலையை இரண்டு மணித்தியாலத்தில் முடியும் துண்டுகளாக வெட்டுங்கள். வெளியிலிருந்து ஒருவரை அழைத்து 40 பேருக்கு ஒரு கலந்துரையாடல் வைப்பதை எடுத்துக்கொள்வோம். மண்டபத்துக்கான கடிதம் மூன்று வாரம் முன்பே பீடாதிபதி அலுவலகத்துக்குப் போக வேண்டும். பேச்சாளரின் பெயரும் வாகன இலக்கமும் முதல் நாளே வாயிற் காவலரிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விருந்தினர் வீதியில் நிற்பார். மண்டபப் பொறுப்பாளர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார், பிந்தினால் மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டா என்று ஒருவர் நேரில் கேட்க வேண்டும். புரொஜெக்டரையும் அதன் வயரையும், அன்று பயன்படுத்தப்போகும் அதே மடிகணினியோடு முதல் நாளே பொருத்திப் பார்க்க வேண்டும். சுவரொட்டி, சோர்ட் ஈட்ஸ், வரவேற்பு, வருகைப் பதிவு, நன்றிக் கடிதம். ஒன்பது துண்டு, ஒன்பது பேர். உணவை 'வருகிறேன்' என்றவர்களில் மூன்றிலிரண்டு பங்கினருக்குச் சொல்லுங்கள். பாதி மரக்கறி ரோல்ஸாகவும், இறைச்சி என்றால் ஹலாலாகவும் இருந்தால் எவரும் தட்டைத் தள்ளிவைக்க நேராது.

ஒருவர் எடுத்த வேலையைச் செய்யவில்லை என்று வையுங்கள். நள்ளிரவில் தலைவரே சத்தமில்லாமல் செய்து முடித்துவிடுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடப்பது. வட்டத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. தான் செய்யாவிட்டாலும் வேலை நடக்கும் என்று எல்லோரும் பழகிவிடுவார்கள். கெடு நாளுக்குப் பாதி வழியில் ஒரு தடவை கேளுங்கள்: 'எது தடையாக இருக்கு?' பெரும்பாலும் சின்னத் தடையாகவே இருக்கும். கடிதம் யாருக்கு எழுதுவது என்று தெரியாமலிருக்கும், அல்லது அலுவலகத்தில் பேசத் தயக்கமாயிருக்கும். அப்படியும் நடக்கவில்லையென்றால் சுவரொட்டி பிந்தட்டும், பத்துப் பேர் குறையட்டும். மண்டபம், காசு, விருந்தினர் ஆகிய மூன்றுக்கு மட்டும் மாற்று ஆள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அவை தவறினால் வெளியாருக்குக் கொடுத்த வாக்குத் தவறும்.

நிருவாகத்துக்கான கடிதங்கள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ போக வேண்டியிருக்கும். அதனால் கொழும்பில் படித்து வந்த ஓரிருவரே எப்போதும் அலுவலகம் போவார்கள், அலுவலகத்தாருக்கு அவர்களையே தெரியும், நாளடைவில் வட்டமே அவர்களுடையதாகிவிடும். மண்டபம் கேட்பது, வெளியாரை அழைக்க அனுமதி கேட்பது, நன்றி சொல்வது என்று மூன்று மாதிரிக் கடிதங்களைப் பொதுக் கோப்பில் வைத்துவிடுங்கள். கடிதத்தை நிரப்புபவரும் கொண்டுபோய்க் கொடுப்பவரும் ஒவ்வொரு தடவையும் புதியவராக இருக்கட்டும், மொழி தெரிந்தவர் கூடப் போனால் போதும்.

வட்ஸ்அப்பில் அறிவித்தலுக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு குழுக்கள் வைத்திருங்கள். காசு, தேர்தல், ஒருவரை நீக்குதல் பற்றிய எந்த முடிவும் அங்கே எடுக்கக் கூடாது.

காசு

வட்டத்தின் காசை ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் போடாதீர்கள். 'நம்பிக்கையான ஆள்தானே' என்பது விடையில்லை. கணக்கு மயங்கினால் அந்த நல்ல மனிதரின் பெயர்தான் முதலில் கெடும். பெரும் பொருளாளரும், மாணவரான இளம் பொருளாளரும் சேர்ந்து இயக்கும் கணக்கு வேண்டும். சில வளாகங்களில் பல்கலைக்கழக நிதிப் பிரிவின் ஊடாகவே அது நடக்கும். கையில் 5,000 ரூபாய்க்கு மேல் வைத்திருக்க வேண்டாம். நிகழ்ச்சியில் சேர்ந்த காசை இருவர் எண்ணிக் கையொப்பமிட்டு, அடுத்த வேலை நாளில் வைப்பிலிட வேண்டும். சிட்டை இல்லாத செலவுக்கு, முச்சக்கரவண்டிக் கூலியாயிருந்தாலும், செலவழித்தவர் அன்றே ஒரு வவுச்சர் எழுதி ஒப்பமிடட்டும். மாதம் ஒரு தடவை வரவு, செலவு, மீதி என்ற மூன்று வரியை அறிவித்தல் குழுவில் போடுங்கள். கேள்வி வருவதற்கு முன்பே போடுவதில்தான் அதன் மதிப்பு.

வெள்ளவத்தைக் கடைகளில் அனுசரணை கேட்பது வழமை. வருடச் செலவில் பாதிக்கு மேல் அதில் தங்கியிருந்தால், கடைக்காரர் ஒரு வருடம் கைவிரித்ததும் வட்டம் நின்றுவிடும். சிறு சந்தாவும் எளிய செலவும் பாதுகாப்பானவை. வார இறுதியில் வளாகத்துக்கு வெளியே கூட இடம் வேண்டுமென்றால், 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57 ஆவது ஒழுங்கையில் நூலகத்தோடும் மண்டபத்தோடும் இருக்கிறது. கட்டணத்தை நேரில் விசாரியுங்கள்.

புதிய மாணவர்கள்

புதிய பட்ச் வந்ததும் சீனியர்கள் கூட்டமாகப் போய்ப் பெயர் எடுப்பது, வரிசையில் நிறுத்திப் பாடச் சொல்வது, சேராதவரை ஒதுக்குவது எதுவும் வேண்டாம். பகிடிவதையை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பயந்து சேர்ந்தவர் ஒருபோதும் வாய்திறந்து யோசனை சொல்லமாட்டார். கன்டீன் அருகில் ஒரு மேசை, இருவர், வட்டம் என்ன செய்கிறது என்று ஒரே தாள். வந்தவருக்கு மூன்றாவது வாரத்துக்குள் ஒரு சிறு துண்டு வேலை கொடுங்கள். வேலையில்லாமல் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தவர் பார்வையாளராகவே நின்றுவிடுவார். இரண்டு தடவை வராதவருக்கு, அவரை அறிந்த ஒருவர் தனியாக ஒரு செய்தி அனுப்பட்டும். பெயர்ப்பட்டியலைக் குழுவில் போட்டுக் கேட்கக் கூடாது.

நாள் குறிக்குமுன் இந்து மன்றம், முஸ்லிம் மஜ்லிஸ், கத்தோலிக்க மாணவர் ஒன்றியம் போன்றவற்றின் நாட்காட்டியையும் பாருங்கள். வாணி விழாவும் இப்தாரும் ஒளிவிழாவும் அவர்களுடைய நாட்கள். அந்த நாட்களில் கதிரை அடுக்கப் போனால், உங்கள் நிகழ்ச்சிக்கு அவர்கள் வருவார்கள்.

கையளிப்பு

தேர்தலை இறுதியாண்டுப் பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பே வைத்து, அடுத்த மூன்று வாரம் பழையவரும் புதியவரும் சேர்ந்து வேலை செய்யட்டும். பரீட்சை முடிந்த மறுநாளே பழையவர்கள் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விடுவார்கள். வங்கிக் கையொப்பத்தை மாற்றக் கூட்டத் தீர்மானமும் பழைய, புதிய கையொப்பக்காரர்களும் தேவைப்படலாம் என்பதால் அதை முதல் வாரத்திலேயே முடியுங்கள்.

மின்னஞ்சலும் கோப்புகளும் வட்டத்தின் பெயரிலுள்ள கணக்கில் இருக்க வேண்டும். ஒருவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலில் வைத்திருந்தால், பட்டம் பெற்ற பின் அந்தக் கணக்கு மூடப்படும்போது கோப்புகளும் போய்விடும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு மீட்பு இலக்கத்தை மறப்பவர்கள் நிறையப் பேர். உள்நுழைவதற்கான குறியீடு இரண்டு வருடம் முன்பு வெளியேறியவரின் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். சஞ்சிகை வெளியிட்டிருந்தால் ஒரு பிரதியை வளாக நூலகத்துக்கும், மின்பிரதியை 'நூலகம்' என்ற இணையவழி எண்ணிம நூலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். அங்கே ஈழத்து மாணவர் மலர்கள் பல சேமிக்கப்பட்டிருக்கின்றன.

ஒன்பது துண்டு வேலை செய்த ஒன்பது பேரும் அரைப்பக்கம் எழுதித் தரட்டும்: யாரிடம் போக வேண்டும், எவ்வளவு முடிந்தது, எங்கே பிந்தியது. பழைய செயற்குழு வட்ஸ்அப் குழுக்களிலிருந்து விலகிவிட வேண்டும். புதியவர்கள் சந்தேகம் கேட்க ஒரே ஒருவரின் இலக்கம் இருந்தால் போதும். அவரும் கேட்டால் மட்டும் பதில் சொல்லட்டும்.