அருஷா தேசியப் பூங்காவை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

தான்சானியா என்றாலே எல்லோரும் செரெங்கெட்டி தேசியப் பூங்காவைத்தான் சொல்வார்கள். ஆப்பிரிக்கக் காட்டை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறவருக்கு நான் அருஷா தேசியப் பூங்காவைச் சொல்வேன். பரப்பு சுமார் 550 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் மழைக்காடு, புல்வெளி, உவர் ஏரிகள், 4,500 மீட்டரைத் தாண்டி நிற்கும் மேரு எரிமலை எல்லாம் இருக்கின்றன. அதைவிடப் பெரிய விஷயம், இங்கே ஜீப்பை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்கலாம்.

1. மாதமும் வண்டியும்

ஜூன் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் போகலாம். மார்ச் முதல் மே வரை பெருமழை, பாதையெல்லாம் சேறு.

அருஷா நகரிலிருந்து மோஷி போகும் சாலையில் உசா ரிவர் என்ற ஊர் வரும். அதைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால் பூங்கா. நகரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள். விலை பேசும்போதே நுழைவுக் கட்டணம், நடைப்பயணக் கட்டணம், படகுக் கட்டணம் மூன்றும் அதில் சேர்த்தியா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. பையில் என்ன?

ஏரிப்பக்கமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். பைனாகுலர், கெட்டியான ஷூ, குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மலையடிவாரத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால் ஓடைத்தண்ணீர் வேண்டாம். பிளாஸ்டிக் கைப்பைகளை 2019 ஜூன் முதல் தான்சானியா தடை செய்திருக்கிறது. துணிப்பையிலேயே கட்டுங்கள்.

3. விடியற்காலையில் ஏரிகள்

நுர்டோட்டோ வாயிலில் நுழைந்ததும் செரெங்கெட்டி என்டோகோ வரும். சுவாஹிலியில் 'குட்டி செரெங்கெட்டி' என்று பொருள். வரிக்குதிரையும் காட்டெருமையும் மேயும் புல்வெளி. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு நேரே மொமெல்லா ஏரிகளுக்குப் போய்விடுங்கள். வாயிலுக்குப் பக்கமாயிற்றே என்று நுர்டோட்டோ எரிமலை வாய்க்கு முதலில் போகத் தோன்றும். நானும் அப்படித்தான் போனேன். விளிம்பில் நின்றால் மூடுபனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. இதற்குள் ஏரிப்பக்கத்திலிருந்து தெரியும் கிளிமஞ்சாரோ மலையும் மேகத்துக்குள் போய்விட்டது. அந்தச் சிகரம் பெரும்பாலும் காலையில்தான் முகம் காட்டும்.

சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் மேருவின் கிழக்குப் பக்கம் அப்படியே சரிந்து விழுந்தது. அந்த இடிபாட்டு மேடுகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் தேங்கிய தண்ணீர்தான் இந்த ஏரிகள். ஒவ்வொன்றிலும் உப்பும் பாசியும் வேறு வேறு என்பதால் ஒன்று பச்சையாகவும் இன்னொன்று நீலமாகவும் தெரியும். அந்தப் பாசியைத் தின்னத்தான் பூநாரைகள் வருகின்றன. எல்லா மாதமும் ஒரே அளவில் இருக்காது. கூட்டமாக இருந்தால் கரையோரம் இளஞ்சிவப்புக் கோடு போட்டது போல இருக்கும். சின்ன மொமெல்லாவில் துடுப்புப் படகும் உண்டு. நீர்யானைகள் இருப்பதால் வழிகாட்டி சொல்லும் தூரத்தைத் தாண்ட வேண்டாம்.

4. காட்டுக்குள் நடை

இதற்காகவே இந்தப் பூங்காவுக்கு வரலாம். மொமெல்லா வாயிலில் துப்பாக்கி ஏந்திய ரேஞ்சர் ஒருவர் உடன் வருவார். அவர் பின்னால் வரிசையாக நடங்கள். பேச்சைக் குறையுங்கள், அவர் நின்றால் நில்லுங்கள். காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்த்தால் ஓடக் கூடாது. ரேஞ்சர் சொல்லும் வரை அசையாமல் இருங்கள்.

ஜீப் ஜன்னலில் பார்த்த ஒட்டகச்சிவிங்கி வேறு, தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒட்டகச்சிவிங்கி வேறு. அது அகேசியா இலையை உருவித் தின்னும் சத்தம்கூடக் காதில் விழும். அப்புறம், மரத்தடியில் போகும்போது மேலே பாருங்கள். கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள் அங்கேதான் இருக்கும். உடலின் இருபுறமும் வெள்ளைச் சால்வை போல நீள முடி, பஞ்சு போன்ற வால். கட்டைவிரல் அநேகமாக இல்லாத கையோடு கிளைக்குக் கிளை தாவுவதைப் பார்த்தால் மூச்சே நின்றுவிடும். சுவாஹிலியில் இதற்கு 'ம்பெகா' என்று பெயர். ரேஞ்சரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், ஆர்வமாகத் தேடித் தருவார்.

இங்கே சிங்கம் கிடையாது. சிறுத்தை உண்டு, கண்ணில் படுவது அபூர்வம். சிங்கம்தான் வேண்டும் என்றால் வேறு பூங்காவுக்குப் போவது நல்லது.

5. மதியத்துக்கு மேல் எரிமலை வாய்

பனி விலகியபின் நுர்டோட்டோவுக்கு வாருங்கள். சுமார் 3 கிலோமீட்டர் அகலக் கிண்ணம், அடியில் சதுப்பும் புல்லும். உள்ளே இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. அந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும், விலங்குகளுக்கென்றே விட்டுவைத்த இடம் அது. மேலிருந்து பார்த்தால் காட்டெருமைகள் எள்ளைத் தூவியது போலத் தெரியும். பைனாகுலர் இங்கேதான் கைகொடுக்கும்.

இருட்டுவதற்குள் பூங்காவை விட்டு வெளியேற வேண்டும். மாலை 5 மணிக்கே விளிம்பிலிருந்து கிளம்பிவிடுங்கள்.