சாவி இல்லாத ஜீப்புக்குப் பூட்டு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் அந்த 1944 வில்லீஸ் ஜீப் நிற்கும். அப்பா பார்த்துப் பார்த்துத் திருத்திய வண்டி. ஒருநாள் விடியப் பார்த்தால் கேற் திறந்து கிடந்தது, ஜீப்பின் சுவிட்சும் போட்டபடி இருந்தது. பற்றரி இறங்கியிருந்தபடியால்தான் வண்டி தப்பியது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

இந்த இராணுவ ஜீப்புக்குச் சாவியே கிடையாது. போர்க்களத்தில் யாரும் சாவி தேடி நிற்கக்கூடாதல்லவா? சின்னப் பிடியைத் திருப்பி, ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தால் போதும்.

முதலில் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பற்றரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று வாங்கி, சீற்றுக்குக் கீழே மறைவாகப் பொருத்தினேன். ஆனால் வேறு பற்றரி கொண்டுவந்தால்? அதனால் இரவில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் உள்ள இரண்டு கிளிப்பையும் விலக்கி, உள்ளே இருக்கும் ரோட்டரைக் கழற்றிவிடுவேன். கைக்குள் அடங்கும் கறுப்புத் துண்டு, விளிம்பில் ஒரு பித்தளைத் தகடு. அது இல்லாமல் பிளக்குக்குப் பொறி போகாது. மூடியைத் திரும்பப் பூட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. எனக்கு இதுதான் மிக நம்பிக்கையான வழி.

அப்புறம், கட்டி இழுத்துப் போகாமலிருக்க வண்டியின் அடிச்சட்டமான சேஸியைத் தடித்த சங்கிலியால் கொங்கிரீட்டில் புதைத்த வளையத்தோடு பூட்டினேன். ரோட்டர் இப்போது அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் தூங்குகிறது.