சுவிட்சர்லாந்தில் கார் ஓட்டப் போகிறீர்களா? விக்னெட் வாங்கும் முறை

சுவிஸ் நெடுஞ்சாலைகளில் நம்மூர் மாதிரி டோல்கேட் கிடையாது. நிறுத்திக் காசு கேட்க ஆளில்லாததால்தான் புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பச்சைப் பலகை போட்ட ஆட்டோபானில் (அதிவேக நெடுஞ்சாலையில்) ஏறினால் வண்டிக்கு விக்னெட், அதாவது சாலைக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியதற்கான சீட்டு, இருந்தாக வேண்டும். ஒரே ஒரு எக்ஸிட் வரை ஓட்டினாலும் கணக்குதான். பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், அதோடு விக்னெட்டின் விலை 40 பிராங்கும் கட்ட வேண்டும்.

1. தேவையா என்று பாருங்கள்

3.5 டன் வரையான கார், பைக், எலக்ட்ரிக் கார் எல்லாவற்றுக்கும் தேவை. பின்னால் கேரவன் இழுத்தால் அதற்கும் தனியாக ஒன்று. சுவிஸில் எடுக்கும் வாடகைக் காரில் பெரும்பாலும் இருக்கும். மிலானிலோ மியூனிக்கிலோ எடுத்தால், சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

2. ஸ்டிக்கரா, ஈ-விக்னெட்டா?

விலை ஒன்றுதான். ஸ்டிக்கரைக் கண்ணாடியில் நேரடியாக ஒட்ட வேண்டும். செல்லோடேப் போட்டு ஒட்டி, பிறகு அடுத்த வண்டிக்கு மாற்றும் தந்திரம் செல்லாது; அதற்கும் அபராதம் உண்டு. 2023 ஆகஸ்டில் வந்த ஈ-விக்னெட் ஆன்லைனில் வாங்குவது; ஒட்ட எதுவும் கிடையாது, வண்டியின் நம்பர் பிளேட்டோடு இணைந்தது. கண்ணாடியை மாற்ற நேர்ந்தாலும் கவலையில்லை. முதல்முறை போகிறவர்களுக்கு இதுவே நல்லது.

3. வாங்குங்கள்

ஈ-விக்னெட்டை சுவிஸ் சுங்கத் துறையின் 'வியா' தளத்தில் மட்டும் வாங்குங்கள். முகவரி 'அட்மின் டாட் சிஹெச்' என்று முடிகிறதா என்று பாருங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் சில தனியார் தளங்கள் 40 பிராங்குக்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்று தீட்டிவிடும்.

வண்டி வகை, வண்டி பதிவான நாடு, நம்பர், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்து கார்டில் பணம் கட்டினால் வேலை முடிந்தது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தவறு நடப்பது பெரும்பாலும் நம்பரில்தான்: பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்து, பிரான்ஸ் வண்டிக்கு ஜெர்மனி என்று தேர்வு. பிளேட்டைப் பார்த்தே அடியுங்கள். வாடகைக் காரென்றால் கையில் வந்தபின் வாங்குங்கள்.

4. ஆண்டைக் கவனியுங்கள்

பத்து நாள் விக்னெட், மாத விக்னெட் என்றெல்லாம் சுவிஸில் இல்லை. ஒரு நாள் போனாலும் 40 பிராங்க்தான். 2026 விக்னெட் 2025 டிசம்பர் 1 முதல் 2027 ஜனவரி 31 வரை, 14 மாதம் செல்லும். ஆகவே டிசம்பரில் வாங்குகிறவர் அடுத்த ஆண்டுக்கானதை எடுப்பதே லாபம். 2026 டிசம்பரில் 2026-ஐத் தேர்ந்தெடுத்தால் இரண்டே மாதத்தில் காலாவதி.

5. இதில் அடங்காதவை

கோட்ஹார்ட் சாலைச் சுரங்கத்துக்கு விக்னெட் போதும். இத்தாலிக்குப் போகும் கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கத்துக்கும், இத்தாலிய ஊரான லிவிஞ்ஞோ பக்கம் போகும் முன்ட் லா ஷேரா சுரங்கத்துக்கும் தனி டோல். ஃபுர்கா, வெரைனா போன்ற இடங்களில் காரை ரயிலில் ஏற்றினால் அதற்குத் தனி டிக்கெட்.