நுண்பரப்புகளின் ஒட்டுவிசை: கணக்கிலும் அளவீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள சிலிக்கா உருண்டை ஒன்று வழவழப்பான கண்ணாடிப் பரப்பின்மீது அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 0.1 பைக்கோநியூட்டன்தான். ஆனால் இரண்டுக்கும் இடையே காற்றின் ஈரத்திலிருந்து உருவாகும் மெல்லிய நீர்ப்பாலம் அதை 0.9 மைக்ரோநியூட்டன் வரையிலான விசையுடன் இழுத்துப் பிடிக்கக்கூடும். இது எடையைப்போல் ஒரு கோடி மடங்கு. பொருள் சிறுக்கும்போது எடை ஆரத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைய, மூலக்கூறுகளுக்கிடையிலான ஈர்ப்பான வான்டர்வால்ஸ் விசையும் நீர்ப்பாலத்தின் இழுப்பான நுண்புழை விசையும் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் மட்டுமே குறைவதுதான் இதற்குக் காரணம்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வட்டாரங்களில் வேஃபர் எனும் சில்லுத் தகடுகளைச் செய்யும் ஆலைகளில் பணியாற்றுவோரும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் நுண்முனையால் பரப்பின் விசையை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியைக் கையாளும் மாணவர்களும் இவ்விரு விசைகளையும் நன்கு அறிந்தவர்களே. ஆயினும் தவறுகள் நேர்கின்றன. என் கருத்தில், அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளைக்கின்றன: ஒட்டுவிசையைப் பொருளின் பண்பாக மட்டும் கருதிவிட்டு, இரு பரப்புகளுக்கும் இடைப்பட்ட வெளியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விடுவது.

முதலில் வான்டர்வால்ஸ் விசையைப் பார்ப்போம். இரு மூலக்கூறுகளுக்கிடையிலான ஈர்ப்பாற்றல் தொலைவின் ஆறாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்ற பாடத்தை அப்படியே பெரிய பொருள்களுக்கும் பொருத்துவது பரவலான தவறு. ஓர் உருண்டையிலும் ஒரு தளத்திலும் உள்ள எல்லா மூலக்கூறு இணைகளின் பங்களிப்பையும் கூட்டினால், விசை இடைவெளியின் இருபடிக்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறது என்பதை இயற்பியலாளர் ஹமாக்கர் 1937லேயே காட்டிவிட்டார். ஆறாம் படியை நம்புகிறவர் இரண்டு நானோமீட்டருக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் இவ்விசை பத்து நானோமீட்டர் தாண்டியும் உணரத்தக்கது. அதே சூத்திரத்தில் தொடும் நிலைக்காக இடைவெளியைச் சுழியம் என்று இட்டால் விசை முடிவிலியாகிவிடும் என்பதால், வழக்கமாக 0.165 நானோமீட்டர் என்ற கீழ்வரம்பை வைத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன உருண்டைக்கு அது ஏறத்தாழ 0.4 மைக்ரோநியூட்டனைத் தருகிறது. ஆனால் பரப்பின் சொரசொரப்பு இடைவெளியை ஒரு நானோமீட்டராக உயர்த்தினாலே விசை 37இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. சொரசொரப்பை அளக்காமல், பொருள்களுக்கிடையிலான ஈர்ப்பின் வலிமையைக் குறிக்கும் ஹமாக்கர் மாறிலியின் இரண்டாம் தசம இலக்கத்துக்காக நேரத்தைச் செலவிடுவதில் பயனில்லை.

அம்மாறிலியை எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். அட்டவணைகளில் பெரும்பாலும் வெற்றிடத்துக்கான மதிப்பே முதலில் கண்ணில் படும். அப்பிரகப் பரப்புகள் இரண்டுக்கிடையே நீர் இருந்தால் மதிப்பு வெற்றிடத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். தக்க மூன்று பொருள்களைத் தேர்ந்தால் விசையின் திசையே மாறும்: புரோமோபென்சீன் திரவத்தில் தங்கமும் சிலிக்காவும் ஒன்றையொன்று விலக்குவது 2009இல் அளந்து காட்டப்பட்டது. ஆகவே வான்டர்வால்ஸ் விசை எப்போதும் ஈர்ப்பே என்று எழுதுவது தவறு.

சிங்கப்பூரில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டியது ஈரப்பதம் குறித்துத்தான். இங்கே அதிகாலையில் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டளவில் இறங்குகிறது. ஈரப்பதத்தையும் நீர்ப்பரப்பின் வளைவையும் தொடர்புபடுத்தும் கெல்வின் சமன்பாட்டின்படி, நுண்ணிடுக்குகளில் திரளும் நீரின் வளைவாரம் (கெல்வின் ஆரம்) 50 விழுக்காட்டில் 0.75 நானோமீட்டர், 80 விழுக்காட்டில் 2.3 நானோமீட்டர், 95 விழுக்காட்டில் 10 நானோமீட்டர். நீர் கூடினால் பிடிப்பும் கூடும் என்று உடனே எண்ணத் தோன்றும். ஆனால் வழவழப்பான உருண்டைக்கு அது பொருந்தாது. பாலம் சிறுக்கும்போது அதன் பரப்பளவு குறைகிறது. அதே விகிதத்தில் உள்ளே நிலவும், பரப்புகளை உள்நோக்கி இழுக்கும் எதிரழுத்தம் மிகுகிறது. இரண்டின் பெருக்கமும் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது. அதனால்தான் எளிய சூத்திரத்தில் ஆரம், நீரின் பரப்பு இழுவிசை, நீர் பரப்பைத் தொடும் கோணமான தொடுகோணம் ஆகியவை மட்டுமே உள்ளன, ஈரப்பதம் இல்லை. சூத்திரத்தில் இல்லாத காரணத்தால் ஈரப்பதத்தைக் குறித்துவைக்க வேண்டியதில்லை என்று கருதுவது அடுத்த தவறு. உண்மையான பரப்புகள் சொரசொரப்பானவை. ஈரம் ஏற ஏற நீர் மேலும் மேலும் பல முகடுகளைச் சுற்றி நிரம்புவதால் விசை தெளிவாகவே மாறுகிறது.

அறையின் சுவரில் உள்ள ஈரப்பதமானியின் எண்ணைக் குறிப்பதும் போதாது. விசையை முடிவு செய்வது பரப்பின் வெப்பநிலையில் நிலவும் ஈரப்பதம். 25 பாகை செல்சியசில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றில், குளிரூட்டியின் கீழிருந்து வந்த மாதிரி 23 பாகையில் இருந்தால், அதன் பரப்பையொட்டி ஈரப்பதம் 90 விழுக்காடாகிறது. கெல்வின் ஆரம் இரு மடங்குக்குமேல் கூடிவிடுகிறது. இன்னும் குளிர்ந்த மாதிரியை வெளி நடைபாதைக்குக் கொண்டுவந்தால் பனியே படிந்துவிடும். மாதிரி அறை வெப்பநிலையை எட்டும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். இங்குள்ள வானிலையில் இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள முன்னெச்சரிக்கை வேறில்லை.

உலர்ந்த நைட்ரஜனில் ஒருமுறையும் ஈரக் காற்றில் ஒருமுறையும் அளந்து, வேறுபாடு முழுவதையும் நுண்புழை விசையின் கணக்கில் எழுதுவதும் வழக்கமாக உள்ளது. நீர்ப்பாலம் உருவான இடத்தில் வான்டர்வால்ஸ் விசை நீரின் ஊடாகச் செயல்படுவதால் அதுவும் மாறிவிடுகிறது. ஆகவே உலர் மதிப்பையும் நுண்புழை மதிப்பையும் கூட்டுவதோ கழிப்பதோ சரியன்று. பல்லிகளைப் பற்றிய ஆய்வு வரலாறு இதற்கு நல்ல சான்று. கெக்கோ இனப் பல்லியின் கால் நீரை விரும்பும் பரப்பிலும் வெறுக்கும் பரப்பிலும் ஒட்டுவதைக் காட்டி, வான்டர்வால்ஸ் விசையே காரணம் என்று 2002இல் வாதிடப்பட்டது. ஈரப்பதத்துடன் ஒட்டுவிசை கூடுவதைக் காட்டி, நுண்புழை விசைக்கும் பங்குண்டு என்று 2005இல் வேறு குழுவினர் எழுதினர். ஈரம் கால் மயிர்களின் கெரட்டினையே மென்மையாக்குவதால் தொடுகை மேம்படுகிறது என்ற விளக்கம் 2010இல் வந்தது. ஈரத்தோடு விசை மாறினால் அது நீர்ப்பாலத்தின் வேலை என்று உடனே முடிவுசெய்யக் கூடாது.

தயாரிப்பில் அதிகச் சேதம் விளைவிப்பது உலர்த்தும் கட்டம். நுண்சாதனங்களில் அரித்தெடுக்கப்பட்ட மெல்லிய சிலிக்கான் கைகளை நீரில் கழுவி உலரவிட்டால், வற்றும் நீர் அவற்றை அடித்தளத்தை நோக்கி இழுக்கிறது. நீர் மறைந்த பின்னும் வான்டர்வால்ஸ் விசை அவற்றை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. ஆகவே மீண்டும் சூடேற்றி ஈரத்தைப் போக்கினால் கை விடுபடும் என்று எதிர்பார்க்க முடியாது. சூடாக உலர்த்துவதும் பெரிதாக உதவாது; அறை வெப்பநிலையில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனாக உள்ள நீரின் பரப்பு இழுவிசை கொதிநிலையிலும் 59 அளவில்தான் நிற்கிறது. ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹால் அதை 22க்குக் கீழ் கொண்டுவருகிறது. 31 பாகைக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேல் கொண்டுசெல்லப்பட்ட கரியமில வாயுவில் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே எல்லையே இல்லாததால் இழுப்பதற்குப் பரப்பும் இல்லை. இந்த முறையில் உலர்த்திய சாதனமும், நீரை விலக்கும் பூச்சு இல்லாமல் திறந்த காற்றில் இயக்கப்பட்டால், பாகங்கள் ஒன்றையொன்று தொடும் முதல் சந்தர்ப்பத்தில் மீண்டும் ஒட்டிக்கொள்ளக்கூடும்.